கூரைமேல் ஏறினால்தான் தெரியும்

வயர்லெஸ், மொபைல் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் பல மாணவர்களின் உழைப்பு கணினித் திரைக்குள் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரு புதிய நெறிமுறை, அதை ஓட்டிப் பார்க்க ஒரு சிமுலேஷன் மென்பொருள், பழையதைவிடப் புதியது மேல் என்று காட்டும் நான்கைந்து வரைபடங்கள், ஆய்வேடு தயார். நம் பொறியியல் கல்லூரிகளிலும் இது பழகிப்போன பாதைதான். அந்த மாணவர்களின் அறிவையோ உழைப்பையோ குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் ரேடியோ அலை சுவரில் மோதும், மரத்தில் சிதறும், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பட்டுத் திரும்பும். அந்த உலகத்தில் கருவியை வைத்து அளக்காத ஆய்வு பாதி ஆய்வுதான். மீதிப் பாதியைச் செய்யும் மாணவருக்கு உரிய மதிப்பைத் தர வேண்டியது பல்கலைக்கழகங்களின் கடமை.

சிமுலேஷனை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கான ஆதாரத்தை அந்தத் துறையே தந்திருக்கிறது. 2000 முதல் 2005 வரை மோபிஹாக் மாநாட்டில் வெளியான 151 கட்டுரைகளைக் கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் ஆய்வாளர்கள் அலசினார்கள். அவற்றில் 114 கட்டுரைகள் சிமுலேஷனைப் பயன்படுத்தியவை. இன்னொருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கக்கூடியவை 15 சதவீதத்துக்கும் குறைவு. அந்தக் காலத்தில் நடமாடும் கருவிகளைக் கணினியில் காட்டப் பலரும் கையாண்ட முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு கருவியும் ஏதோ ஓர் இடத்தையும், பூஜ்யத்துக்கும் உச்சத்துக்கும் நடுவே ஏதோ ஒரு வேகத்தையும் தேர்ந்தெடுத்துப் போகும்; போய்ச் சேர்ந்ததும் மறுபடி தேர்ந்தெடுக்கும். மிகக் குறைந்த வேகம் வாய்த்த கருவி அந்தப் பயணத்திலேயே நெடுநேரம் சிக்கிக்கொள்ளும். நேரம் ஆக ஆகச் சிக்கியவற்றின் எண்ணிக்கை கூடி, சராசரி வேகம் இறங்கிக்கொண்டே போகும். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் இதைச் சுட்டிக்காட்டும்வரை, விரைந்து நகரும் போன்களுக்கு என்று வகுத்த நெறிமுறைகள் ஊர்ந்து போகும் போன்களின் மேல் சோதிக்கப்பட்டு வந்தன.

இதற்கு நேர் எதிரான பாதையை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பார்க்கலாம். பேராசிரியர் ராபர்ட் மோரிஸிடம் ஆய்வு செய்த மாணவர்கள் 29 வைஃபை கருவிகளைக் கட்டடத்துக்குள் பரப்பி அளந்தார்கள். அத்தகைய வலையில் செய்தி ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போய்ச் சேரும். தாவல் குறைந்த பாதையே சிறந்தது என்பது அன்றைய விதி. அளந்தபோது விஷயம் வேறாக இருந்தது. தாவல் குறைந்தால் ஒவ்வொரு தாவலும் நீளும். நீண்ட தாவலில் சிக்னல் நலிந்து பாக்கெட்டுகள் தொலையும். எனவே ஒரு பாக்கெட் போய்ச் சேரச் சராசரியாக எத்தனை முறை அனுப்ப வேண்டும் என்பதையே பாதையின் விலையாக 2003இல் முன்வைத்தார்கள். பழுதில்லாத இரண்டு தாவல்களுக்கு விலை 2. இரு திசையிலும் பாதி தொலைகிற ஒற்றைத் தாவலுக்கு விலை 4. ஏனென்றால் பாக்கெட்டும் போய்ச் சேர வேண்டும், கிடைத்தது என்ற பதிலும் திரும்பி வர வேண்டும். ஈடிஎக்ஸ் என்ற இந்த அளவுகோல் பின்னர் சென்சார் வலைகளுக்கான இணையத் தரநிலைகளிலும் இடம்பெற்றது. அடுத்து அதே குழு கேம்பிரிட்ஜ் நகரத்து வீட்டுக் கூரைகளில், ஏறக்குறைய 4 சதுர கிலோமீட்டருக்கு, 37 கருவிகளை வைத்து ரூஃப்நெட் வலையை உருவாக்கியது. இணைப்பு என்றால் ஒன்று வேலை செய்யும், இல்லையேல் செய்யாது என்ற நம்பிக்கை அந்தக் கூரைகளில்தான் உடைந்தது. பெரும்பாலான இணைப்புகள் இரண்டுக்கும் நடுவில் தத்தளித்தன.

நமக்கு இன்னும் அருகில் தேனி இருக்கிறது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் குழுவின் ஆய்வு மாணவர்கள், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் மையங்களோடு நெடுந்தூர வைஃபை மூலம் இணைத்தார்கள். கிராமத்து மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம் மருத்துவர் வீடியோ வழியே பேசினார். வைஃபை நெறிமுறை குறுகிய தூரத்துக்காக எழுதப்பட்டது. தூரம் கூடினால், 'கிடைத்தது' என்ற பதில் வருவதற்குள் பொறுமை இழந்து அனுப்பியதையே மறுபடி அனுப்பும். இரு முனைகளும் நேரம் பிரித்துக்கொண்டு முறைவைத்துப் பேசும்படி மாற்றியதில், வேகம் 2 முதல் 5 மடங்கு உயர்ந்ததாக 2007இல் எழுதினார்கள். ஆனால் 2008இல் வெளியான அடுத்த கட்டுரைதான் என்னை அதிகம் ஈர்ப்பது. முன்னோட்டத் திட்டங்கள் ஏன் செத்துப்போகின்றன என்பதே அதன் கேள்வி. மின்னழுத்தம் தாழ்ந்தால் ரூட்டர் அணையவும் செய்யாது, இயங்கவும் செய்யாது, அப்படியே உறைந்து நிற்கும், நினைவகம் கெடும், கோளாறு எங்கே என்று சொல்ல ஊரில் ஆள் இருக்காது. அழுத்தம் குறைந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் மலிவான சுற்று, தன் நிலையைத் தானே அனுப்பும் கருவி, பிரதான இணைப்பு விழுந்தாலும் எட்டிப் பார்க்க ஒரு மாற்று வழி என்று தீர்வுகளை அடுக்கினார்கள். அப்போது அந்த வலை மாதம் 3,000 நோயாளிகளுக்குப் பயன்பட்டது.

இது ஆராய்ச்சியா, லைன்மேன் வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. தாழ்ந்த மின்னழுத்தம் ஒரு மாறியாக எந்த சிமுலேஷனில் வரும்? இருப்பது தெரியாத காரணத்தைக் கண்டுபிடிப்பதைவிட ஆராய்ச்சி என்று சொல்லத் தகுந்தது வேறென்ன? களச் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது, சிமுலேஷனைச் செய்யலாம் என்பது அடுத்த மறுப்பு. கொள்கையளவில் சரி, நடைமுறையில் என்ன நடந்தது என்பதை மோபிஹாக் கணக்கு காட்டிவிட்டது. காற்றை மறுபடி வரவழைக்க முடியாதுதான். அளந்த தரவைப் பொதுவில் வைக்கலாமே! டார்ட்மத் கல்லூரி கிராடாட் என்ற காப்பகத்தை அதற்காகவே நடத்தியது.

பணமும் காலமும் இல்லை என்பது இவற்றைவிடக் கனமான மறுப்பு. உதவித்தொகையை நம்பி, வயதான பெற்றோரையும் பார்த்துக்கொண்டு படிக்கும் மாணவரை மூன்று ஆண்டு களத்தில் நில் என்று சொல்வது நியாயமல்ல. அதனால்தான் பொறுப்பு நிறுவனத்துடையது என்கிறேன். வலையைத் துறை கட்டிப் பராமரிக்க வேண்டும். ஒரு தலைமுறை மாணவர்கள் அதை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க வேண்டும். ரூஃப்நெட் கடையில் கிடைத்த சாதாரண வைஃபை அட்டைகளில் ஓடியது. இன்று சில நூறு ரூபாய்க்கு வைஃபை பலகை கிடைக்கிறது. சென்னை ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் 220 கோடி ரூபாய்க்கும் மேல் செலவில் அமைத்த 5ஜி சோதனைக்களம் 2022இல் திறக்கப்பட்டது. அத்தகைய களங்கள் மாவட்டக் கல்லூரி மாணவருக்கும் எட்ட வேண்டும்.

சிமுலேஷனை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆயிரம் போன்கள் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும் என்று பார்க்க அதுவே வழி. ஆனால் அதற்குள் ஊட்டும் எண்கள் எங்கிருந்தோ அளந்து வந்தவையாக இருக்க வேண்டும். ஆய்வேட்டு விதிகளில் மூன்று மாற்றங்கள் போதும்: களத்தில் எடுத்த அளவீடு ஓர் அத்தியாயமாக இருக்கட்டும், வெளியிட்ட தரவு ஒரு கட்டுரைக்குச் சமமாகக் கணக்கில் வரட்டும், எது தோற்றது, ஏன் தோற்றது என்று எழுதிய மாணவருக்கு மதிப்பெண் குறையாதிருக்கட்டும். வைஃபையைக் கண்டுபிடித்தவர்கள் தேனியின் மின்சாரத்தைப் பார்த்ததில்லை. அதைப் பார்த்துப் பழகிய மாணவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். உலகின் எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்காத அந்த அனுபவத்தை ஆராய்ச்சியாக ஏற்பது நம் கையில்தான் இருக்கிறது.