நீந்தத் தெரிந்த தகர டின்

மிதக்கும் டாங்க் என்றால் மெல்லிய தோல் என்று அர்த்தம். 1971ல் அந்தப் பேரத்தின் லாபம், நஷ்டம் இரண்டையும் இந்திய ராணுவம் பார்த்தது.

பஞ்சாபி ஜவான்கள் அதற்கு வைத்த பெயர் 'பிப்பா'. காலி நெய் டின். தண்ணீரில் போட்டால் மூழ்காமல் மிதக்கும் என்பதால் வந்த செல்லப் பெயர். ஆனால் டின் என்றதில் கொஞ்சம் கிண்டலும் இருந்திருக்க வேண்டும். சோவியத் யூனியன் 1950களில் உருவாக்கிய பி.டி.-76 டாங்க்கின் இரும்புக் கவசம் எந்த இடத்திலும் ஓர் அங்குலத் தடிமன்கூடக் கிடையாது. பக்கவாட்டில் கனரக இயந்திரத் துப்பாக்கியின் குண்டே துளைத்துவிடும்.

அது தெரிந்தே செய்யப்பட்ட பேரம். அன்றைய வழக்கமான டாங்க்கான டி-55ன் எடை 36 டன். பி.டி.-76 வெறும் 14 டன்தான். உடல் அகலமானது, உள்ளே காலி இடம் அதிகம். ஆற்றில் இறங்குமுன் முன்புறத் தகட்டை நிமிர்த்தி, கசியும் நீரை வெளியேற்றும் பம்புகளை ஓடவிட்டால் போதும். அடியில் உறிஞ்சும் தண்ணீரைப் பின்புறமாகப் பீய்ச்சி மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் நீந்தும். பாலத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

1965 செப்டம்பரில் லாகூர் முனையில் இந்த டாங்க்குகள் முதல் தடவையாக இந்தியாவுக்காகப் போருக்குப் போயின. ஆனால் இவற்றுக்கான உண்மையான களம் கிழக்கே இருந்தது. இரண்டு மைலுக்கு ஓர் ஆறு, வாய்க்கால், சதுப்பு என்று கிடக்கும் கிழக்கு வங்காளம்.

1971 நவம்பர் 20 இரவு, முறைப்படி போர் தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது, 45வது கேவல்ரியின் 14 பி.டி.-76கள், 14வது பஞ்சாப் பட்டாலியன் வீரர்களுடன் எல்லையைக் கடந்தன. கபதக் ஆற்றைத் தாண்டி கரீப்பூர் கிராமத்தில் நிலைகொண்டன. மறுநாள் காலை கடும் மூடுபனி. பாகிஸ்தானின் அமெரிக்க 'சாஃபி' டாங்க்குகள் தாக்க வந்தபோது முதலில் கேட்டது இன்ஜின் சத்தம் மட்டுமே. சில நூறு அடி தூரத்தில் உருவங்கள் தெரிந்தன. இப்படிப்பட்ட சண்டையில் கவசத்தைவிட முக்கியம், யார் முதலில் பார்த்துச் சுடுகிறார்கள் என்பது. மறைந்து காத்திருந்த பிப்பாக்களுக்கு அந்தச் சாதகம் இருந்தது. நண்பகலுக்குள் எதிரியின் டாங்க் ஸ்குவாட்ரன் ஏறக்குறைய முழுவதும் நாசம்.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்குவாட்ரன் தலைவர் மேஜர் தல்ஜித் சிங் நாரக் இயந்திரத் துப்பாக்கிச் சூட்டில் பலியானார். (பிறகு மகாவீர் சக்ரா விருது.) தலைமையை ஏற்றுச் சண்டையைத் தொடர்ந்தவர் இளம் கேப்டன் பல்ராம் சிங் மேத்தா. அவர் பின்னாளில் எழுதிய புத்தகம்தான் 2023ல் 'பிப்பா' என்ற இந்திப் படமானது.

அடுத்த சோதனை மேக்னா நதி. ஆசுகஞ்ச் பாலத்தைப் பாகிஸ்தான் ராணுவம் தகர்த்துவிட்டது. டாக்காவை விரைந்து எட்டத் துடித்த லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங், டிசம்பர் 9 முதல் எம்.ஐ.-4 ஹெலிகாப்டர்களில் வீரர்களை அக்கரையில் இறக்கினார். டாங்க்குகள்? நீந்தத்தான் வேண்டும். ஆனால் அரை மணி நேரம் நீந்தினாலே பி.டி.-76ன் இன்ஜின் சூடேறிவிடும். மேக்னாவோ கடல்போல விரிந்தது. கைகொடுத்தவர்கள் உள்ளூர்ப் படகுக்காரர்கள். நின்றுபோன டாங்க்குகளைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். டிசம்பர் 16ல் டாக்கா வீழ்ந்தது.

பிப்பாக்கள் ஓய்வு பெற்று அருங்காட்சியகங்களுக்கும் ராணுவ முகாம்களின் வாசலுக்கும் போய்விட்டன. 1987 முதல் ஆந்திராவின் (இன்று தெலுங்கானாவின்) மேடக் தொழிற்சாலையில் தயாரான 'சரத்' கவச வண்டிக்கு நீந்தத் தெரியும். ஆனால் அது காலாட்படையைச் சுமக்கும் வண்டி, டாங்க் அல்ல. டாங்க்குகள் என்றால் கனமானவைதான் என்று ஆயிற்று.

அதன் அபாயம் 2024 ஜூன் 28 இரவு லடாக்கில் தெரிந்தது. ஷியோக் நதியைக் கடக்கப் பயிற்சி செய்துகொண்டிருந்த டி-72 டாங்க், திடீரென உயர்ந்த வெள்ளத்தில் சிக்கியது. ஐந்து வீரர்கள் உயிரிழந்தனர். 40 டன்னுக்கு மேல் கனக்கும் அது ஆற்றின் தரையில் உருண்டு கடக்குமே தவிர மிதக்காது.

ஒரு வாரம் கழித்து, குஜராத்தின் ஹசீராவில் புதிய இலகு டாங்க் 'சோராவர்' வெளியுலகுக்குக் காட்டப்பட்டது. எடை 25 டன். மலையேறும், நீந்தும். கனமான டாங்க்கின் கவசம் இதற்குக் கிடையாது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் பேரம் அதேதான்: ஆற்றைத் தாண்ட வேண்டுமானால் தோலை மெல்லியதாக்கு. கரீப்பூரில் அதன் லாபம் தெரிந்தது. மேக்னாவில் எல்லை தெரிந்தது. புதிய டாங்க்கை வடிவமைப்பவர்கள் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வது உள்ளே உட்காரப்போகும் வீரர்களுக்கு நல்லது.