கொட்டகையில் கிடந்த ஜீப்

ஜீப் என்றதும், "இது ஆம்பிளைங்க சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! நாஞ்சில் நாடு என்றால் வயலும் வாய்க்காலும் தென்னையும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் தாண்டிக் கீரிப்பாறைப் பக்கம் போய்ப் பாருங்கள். வயல் முடிந்து ரப்பர் தொடங்கும். அதற்கும் மேலே மாறாமலைப் பக்கம் போனால் கிராம்பு. புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி கிராம்பு என்கிறார்களே, அது இந்த மலைகளில் விளைவதுதான். மேலே உள்ள தோட்டங்களுக்குப் போகும் வழியோ பல இடங்களில் வெறும் கல்லும் சேறும். காரும் ஆட்டோவும் அடிவாரத்தோடு சரி. அதற்கு மேல் கால்நடை, இல்லையென்றால் ஜீப்.

எங்களுக்கும் மேலே கொஞ்சம் கிராம்பு உண்டு. மாமனார் காலத்து ஜீப் ஒன்று, மஹிந்திரா எம்.எம். 540, 1980-களின் கடைசியில் வாங்கியது, அவர் காலத்துக்குப் பிறகு வருஷக்கணக்காகக் கொட்டகையில் கோழி அடையும் இடமாகக் கிடந்தது. 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் அடித்ததே, அப்போது ரப்பரும் கிராம்பும் வேரோடு சாய்ந்து வழி அடைபட்டது. மேலே லயத்தில் இருந்த வேலைக்காரக் குடும்பங்களுக்கு அரிசி கொண்டு போக ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. தலைச்சுமையாகத்தான் போயிற்று. அந்த வாரம்தான் என் வீட்டுக்காரரிடம், "கோழியை வேறே இடத்துக்கு மாத்துவோம்" என்றேன்.

அவருக்கும் எனக்கும் வண்டி வேலை ஒன்றும் தெரியாது. நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான். ஆனால் வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கூடுதலாகப் போட்டுக்கொள்வது பெரிய காரியமா? பட்டறை அண்ணாச்சி சொல்வதை எல்லாம் அதில் எழுதிக்கொண்டு வந்தேன். இரண்டு கோடை ஆயிற்று முடிய.

முதலில் கொஞ்சம் பழங்கதை. ஜீப் பிறந்தது இரண்டாம் உலக யுத்தத்தில், அமெரிக்கப் பட்டாளத்துக்காக. 1941-லிருந்து வில்லிஸ் கம்பெனி ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியது. யுத்தம் முடிந்ததும் அதே வண்டியை உழவுக்கும் சுமைக்கும் ஆகும் என்று ஊர்ச் சந்தைக்கு விட்டார்கள். 1940-களின் கடைசியில் பம்பாயில் மஹிந்திரா கம்பெனி அதை இங்கே சேர்த்துக் கட்டத் தொடங்கியது. நம் மலைத் தோட்டங்களில் ஓடும் கிழட்டு ஜீப் எல்லாம் அந்த வம்சம். வடக்கே பஞ்சாப், ஹரியானா எல்லையில் மண்டி டப்வாலி என்று ஓர் ஊர். பட்டாளம் கழித்துப் போட்ட ஜீப்புகளைப் பிரித்துப் புதுசாகக் கட்டுவதற்கே பேர் போனது. இப்போது கேரளத்தில் வாகமண் பக்கம் வாலிபர்கள் பழைய ஜீப்பை உயரமாகக் கட்டி, யானைக்கால் மாதிரி டயர் போட்டுச் சேற்றில் பந்தயம் விடுகிறார்கள். 1997-ல் மலேசியாவில் தொடங்கிய மழைக்காட்டுப் பந்தயம் ஒன்று, 2014 முதல் கோவாவிலும் நடந்திருக்கிறது.

எங்கள் பையன் செல்போனில் அந்தப் படங்களைக் காட்டி, "அம்மா, நம்ம வண்டியையும் இப்படிக் கட்டணும்" என்று ஒரே பிடிவாதம். பட்டறை அண்ணாச்சி சிரித்தார். "மக்கா, அது வெளையாட்டு வண்டி. கவுந்தா எந்திரிச்சு வாறதுக்கு கூண்டும் பெல்ட்டும் கட்டியிருப்பான். ஒங்க வண்டியில ஆளும் சாக்கும் ஏறணும். தங்கச்சி, மேலே ஏறதப் பத்தி அப்புறம் பேசுவோம். மொதல்ல நிக்குமான்னு பாப்போம்" என்றார். எங்கள் செலவில் பாதிக்கு மேல் போனது இந்த "நிக்குமா"வுக்குத்தான்.

அவர் முதலில் எடுத்தது ஸ்பானர் இல்லை, சின்னச் சுத்தியல். வண்டிக்கு அடியில் படுத்து சேசிஸை அங்குலம் அங்குலமாகத் தட்டினார். நாம் சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதே வித்தைதான். நல்ல இரும்பு "டங்" என்று பேசும். துரு தின்ற இடம் "டொப்" என்று விழும். வண்டிக்கு முதுகெலும்பு அது. அது போயிருந்தால் மேலே எத்தனை பெயிண்ட் அடித்தாலும் வீண். எங்களுக்கு இரண்டு இடத்தில்தான் "டொப்". வெட்டி எடுத்துக் கனத்த தகடு வைத்து வெல்டிங் செய்தார். சேசிஸில் பொறித்த நம்பரும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நம்பரும் ஒன்றா என்று அன்றைக்கே பார்க்கச் சொன்னார். பழைய வண்டி விலைக்கு வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக்கூடாது.

அடுத்தது பிரேக். சும்மா கிடந்த வண்டியில் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் கொதித்து ஆவியாகிவிடும். மிதியை மிதித்தால் வெறும் காற்றை மிதித்த மாதிரி தரையோடு போகும். ஆகவே ஆயில், வீல் சிலிண்டர், ரப்பர் குழாய், லைனர் எல்லாம் புதுசு. ஸ்டியரிங்கிலும் அப்படித்தான். முன் சக்கரத்தைக் கையால் ஆட்டினால் லொட லொட என்றது. மூட்டுக்கள் தேய்ந்திருந்தால், ஓடும்போது ஒரு குழியில் விழுந்ததும் முன்பக்கம் முழுதும் உதறல் எடுத்துக் கையிலிருந்து வளையத்தைப் பிடுங்கிக்கொண்டு போகுமாம்.

எலி கடித்த ஒயரை எல்லாம் பிடுங்கிப் புதுசாக இழுத்தது, டீசல் தொட்டியைக் கழற்றி அடியில் கிடந்த சேற்றைக் கழுவியது, ரேடியேட்டரைத் துப்புரவு செய்தது, இதெல்லாம் எல்லாப் பழைய வண்டிக்கும் உள்ளதுதான். எஞ்சின் என்னவோ இரண்டாம் நாளே புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. அடேயப்பா, அந்தச் சத்தம் கேட்டுக் கோழி எல்லாம் கூரை ஏறிவிட்டன!

நாலு சக்கரமும் இழுப்பது என்றால் என்னவென்று நான் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாதாரண ஜீப்பில் எஞ்சினின் பலம் பின் சக்கரங்களுக்கு மட்டும் போகும். சின்னக் கியர்க்கம்பு ஒன்றைத் தள்ளினால் முன் சக்கரத்துக்கும் சேர்ந்து போகும். இன்னொரு கம்பு, அதை இங்கே "ஸ்பெஷல் கியர்" என்பார்கள். அதைப் போட்டால் எஞ்சின் பல தடவை சுற்றச் சக்கரம் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் போய்விடும், பலம் பெருகும். பாறைப் படி ஏறவும், அதைவிட முக்கியமாக இறங்கவும் இதுதான் உதவி. ஸ்பெஷல் கியரில் முதல் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டால், வண்டி எஞ்சினின் பிடியிலேயே கர்ப்பிணி நடப்பது போல மெள்ள இறங்கும். பிரேக் சூடேற வேலை இல்லை. இறக்கத்தில் கிளட்சை மிதித்தால் அந்தப் பிடி விட்டுப் போகும், மிதிக்கவே கூடாது.

தார் ரோட்டுக்கு வந்ததும் முன் சக்கரக் கம்பை எடுத்துவிட வேண்டும். திருப்பத்தில் முன் சக்கரம் போகும் வட்டம் பெரியது, பின் சக்கரம் போவது சின்னது. சேற்றில் என்றால் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை. முறுக்கு எல்லாம் கிரவுனிலும் ஜாயிண்ட் கிராஸிலும் ஏறி உடைந்து போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கும் என்றாலும் வண்டி சேற்றில் மாட்டத்தான் செய்யும். வாய்க்கால் தண்ணீர் தடையில்லாத பக்கமாக ஓடுகிற மாதிரி, எஞ்சினின் சுழற்சியும் எந்தச் சக்கரம் பிடிமானம் இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறதோ அதற்கே ஓடிப்போய்விடும். அது கிடந்து சுற்ற, மண்ணில் ஊன்றிய சக்கரம் சும்மா நிற்கும். அதனால்தான் சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பாமல் இருப்பது முக்கியம். பையன் ஆசைப்பட்டபடி கமான் பட்டையில் கூடுதலாக நாலு பட்டை சொருகினால் வண்டி உயரும். ஆனால் விறைத்துப் போய், பள்ளத்துக்குள் சக்கரம் இறங்காது. உயரம் கூடினால் சரிவில் கவிழும் பயமும் கூடும். பெரிய டயர் போட்டாலோ பிரேக்குக்குப் பாரம், கிரவுனுக்குப் பாரம், வேகம் காட்டும் முள்ளும் பொய் சொல்லும். கம்பெனி கொடுத்த 6.00-16 அளவிலேயே, பட்டன் ஆழமான டயராக வாங்கினோம். ஒடுக்கமான டயர் மேல் சேற்றைக் கிழித்து அடியிலுள்ள கெட்டி மண்ணைப் பிடித்துக்கொள்கிறது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, கம்பெனி குறித்துக் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எஞ்சின் மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். முன்னால் கட்டும் அந்தப் பெரிய இரும்பு வளைவு இருக்கிறதே, அதன் மேலும் நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சொந்த வண்டி 15 வருஷம் தாண்டினால் 5 வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைப் பார்ப்பார்கள். இன்ஷூரன்ஸ்காரனும் மாற்றிய வண்டி என்றால் பணம் கொடுக்க யோசிப்பான். சரணாலயக் காட்டுக்குள் தடம் விட்டு ஓட்டுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. நாங்கள் போவது தோட்டத்து வழி மட்டுமே.

பின்னால் எதிரும் புதிருமாக இருக்கும் பெஞ்சில் குலுங்கிக் குலுங்கிப் போனால் இடுப்பு என்ன ஆகும் என்று நம்மைப்போலப் பெண்களுக்குத்தான் தெரியும்! அண்ணாச்சியைக் கெஞ்சி முன் சீட் இரண்டுக்கும் நல்ல பெல்ட் போட வைத்தேன். கைக்குழந்தையை மடியில் வைத்து மலை ஏறுவதை நான் அனுமதிப்பதில்லை; ஒரு குலுக்கலில் எந்தத் தாயின் கையும் நிற்காது. படுதாவைப் பின்பக்கம் மட்டும் திறந்து வைத்தால் புகை சுழன்று உள்ளேதான் வரும். தலைவலியும் குமட்டலும் அதனால்தான். பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

ஓட்டவும் கற்றுக்கொண்டேன். முதல் பாடம் கட்டை விரல். வளையத்துக்குள்ளே விரலை மடக்கிப் பிடிக்கக் கூடாது. சக்கரம் கல்லில் மோதினால் வளையம் வெடுக்கென்று சுழன்று விரலை ஒடித்துவிடும். கட்டை விரல் வெளியே, வளையத்தின் மேலேயே இருக்க வேண்டும். ஓடையைக் கடந்தால் பிரேக் டிரம்மில் தண்ணீர் புகுந்து பிடிக்காது. கரை ஏறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டிக் காய வைக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று தெரியாத ஓடையில் இறங்கவே கூடாது. காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் எஞ்சினுக்கு அன்றோடு முடிவு.

வண்டியில் எப்போதும் ஒரு மம்பெட்டி, வெட்டுக்கத்தி, தடித்த கயிறு, நனைக்க ஒரு சாக்கு. மாட்டிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போது அந்த ஈரச் சாக்கைக் கயிற்றின் நடுவில் போட்டுவிடுவோம். கயிறு அறுந்தால் பாம்பு மாதிரித் திரும்பி அடிக்கும். சாக்கு அதை அமுக்கித் தரையில் போடும். கயிற்றைச் சேசிஸில்தான் மாட்ட வேண்டும், பம்பரில் அல்ல. குழந்தைகள் அந்தப் பக்கமே நிற்கக் கூடாது.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்பீர்கள். போன மொட்டுப் பறிப்பில் ஒரு நாள் மத்தியானம், வேலைக்கு வந்த ஒரு பெண்ணைச் சருகுக்குள் கிடந்த பாம்பு கணுக்காலில் கடித்துவிட்டது. என்ன பாம்பென்று யாரும் பார்க்கவில்லை. கயிறு கட்ட வந்தவரைத் தடுத்தோம். கீறவும் விடவில்லை, வாய் வைக்கவும் விடவில்லை. காலில் கிடந்த கொலுசையும் மிஞ்சியையும் உடனே கழற்றினோம், வீங்கினால் இறுகிவிடும் என்று. இரண்டு குச்சி வைத்துச் சேலைத் துணியால் காலை அசையாமல் கட்டி, ஓர் அடிகூட நடக்க விடாமல் தூக்கி ஜீப்பில் படுக்க வைத்தோம். என் வீட்டுக்காரர் நாகர்கோவில் போயிருந்தார். நான்தான் ஓட்டினேன். முதல் நாள் பெய்த மழையில் வழியெல்லாம் களி. ஸ்பெஷல் கியரில் முதல் கியர். பின்னால் ஒருத்தி, "வேகமாப் போங்கக்கா, வேகமாப் போங்கக்கா" என்று அழுதபடியே வருகிறாள். வேகமாகப் போனால் யாருமே போய்ச் சேர மாட்டோம். கல்லில் ஏறும்போது காதில் விழுந்ததெல்லாம் அவள் முனகல்தான்.

தார் ரோட்டில் 108 வண்டி காத்து நின்றது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். விஷமுறிவு மருந்து ஏற்றி, சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இந்த வருஷமும் மொட்டுப் பறிக்க வந்திருக்கிறாள். முன்போல இல்லாமல், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு.

அண்ணாச்சி அடுத்து பின் கமான் பட்டையில் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது என்கிறார். மழைக்கு முன்னால் அதை மாற்றிப் படுதாவும் புதிதாகத் தைக்க வேண்டும். பையன் இன்னும் பெரிய டயர்ப் படத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறான்.