இரண்டாவது சாவி!

கம்மாபுரம் குட்டீஸ்... நம் கடலூர் மாவட்ட வரைபடத்தை எடுத்து, ஐந்து சம பங்காகப் பிரித்துப் பாருங்கள். அதில் ஒரு பங்கு அளவுதான் சிங்கப்பூர் என்ற நாடு! அந்தக் குட்டித் தீவு நாட்டுக்கு 12 ஆண்டுகள் குடியரசுத் தலைவராக இருந்தவர் ஒரு தமிழர். பெயர் செல்லப்பன் ராமநாதன். 'எஸ்.ஆர்.நாதன்' என்றால்தான் அங்கே எல்லாருக்கும் தெரியும்.

பெரிய இடத்துப் பிள்ளையாக இருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை!

1924ல் பிறந்த நாதன், எட்டு வயதில் தந்தையை இழந்தார். குடும்பம் வறுமையில் தவித்தது. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். 16 வயதில் வீட்டை விட்டே ஓடிப் போனார். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரை ஜப்பான் பிடித்தபோது, அகராதியை வைத்துக் கொண்டு ஜப்பானிய மொழி கற்று, மொழிபெயர்ப்பாளரானார். போருக்குப் பின், வேலை பார்த்துக் கொண்டே அஞ்சல் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தார். 1954ல் பல்கலைக்கழகத்தில் பட்டயம் பெற்றார். பிறகு அரசுப் பணி.

1974 ஜனவரி 31ம் தேதி... ஆயுதம் ஏந்திய நான்கு பேர், எண்ணெய்க் கிடங்கைத் தாக்கிவிட்டு, 'லாஜு' என்ற படகைக் கடத்தினர். படகு ஊழியர்கள் பிணைக்கைதிகள் ஆயினர். நாட்டை விட்டுப் பத்திரமாக வெளியேறும்வரை, உத்தரவாதமாக அதிகாரிகள் உடன் வர வேண்டும் என்று முடிவானது. நாதன் தலைமையில் 13 பேர், கடத்தல்காரர்களோடு ஒரே விமானத்தில் குவைத் சென்றனர்! அனைவரும் உயிரோடு திரும்பினர்.

பின்னர் மலேசியாவிலும், அமெரிக்காவிலும் தூதராக இருந்த நாதன், 1999ல் குடியரசுத் தலைவரானார். 2005ல் மீண்டும் அதே பதவி. இரண்டு முறையும் மற்றவர்களுக்குத் தகுதிச் சான்று கிடைக்காததால், ஓட்டுப்பதிவே நடக்கவில்லை. 'மக்கள் ஓட்டுப் போட வேண்டாமா?' என்ற கேள்வியும் அங்கே எழுந்தது.

சரி, அந்தப் பதவியில் என்ன வேலை? உங்கள் உண்டியலுக்கு இரண்டு பூட்டு என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு சாவி உங்களிடம், இன்னொன்று பாட்டியிடம். பாட்டி சம்மதித்தால்தானே காசு எடுக்க முடியும்? முந்தைய அரசுகள் சேர்த்து வைத்த பணத்துக்கு, சிங்கப்பூர் குடியரசுத் தலைவர்தான் அந்தப் பாட்டி!

2008ல் உலகமெங்கும் பொருளாதார நெருக்கடி. வேலைகள் பறிபோயின. 'சேமிப்பிலிருந்து 490 கோடி சிங்கப்பூர் டாலர் வேண்டும்' என்று அரசு கேட்டது. அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கண்ணை மூடிக் கொண்டு தர முடியாது. பிடிவாதமாக மறுத்தால், மக்கள் பிழைப்பு போய்விடும். கணக்கை ஆராய்ந்த நாதன், 2009ல் சம்மதித்தார். சுமார் 400 கோடி டாலர் செலவானது. நெருக்கடி தீர்ந்ததும், 2011ல் அரசு அந்தப் பணத்தைத் திருப்பி வைத்தது.

அதே ஆண்டு பதவியிலிருந்து விடைபெற்ற நாதன், 2016 ஆகஸ்ட் 22ம் தேதி, 92 வயதில் காலமானார். 2023ல் இன்னொரு தமிழ் வம்சாவளியினரான தர்மன் சண்முகரத்தினம், மக்கள் ஓட்டுப் போட்டு குடியரசுத் தலைவரானார்.

குட்டீஸ்... பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட ஒரு சிறுவனை நம்பி, பின்னாளில் ஒரு நாடே தன் சேமிப்புச் சாவியைக் கொடுத்தது. உங்கள் கையில் அந்தச் சாவி இருந்தால், எப்போது திறப்பீர்கள்? எப்போது மறுப்பீர்கள்? யோசித்துப் பாருங்கள்!