மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்: பழைய இன்ஜெக்சன் கார் 'மிஸ்' அடிக்கும்போது

தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பொருளாதாரத் தடையால் பெற்றோல் வரவில்லை. மொறிஸ் மைனர், ஏ40 கார்கள் தொடக்கம் மோட்டார் சைக்கிள்கள் வரை மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பிளக்கில் கரி பிடித்தால் தெருவோரத்திலேயே கழற்றித் துடைத்துப் பூட்டுவோம். எஞ்சின் 'மிஸ்' அடிக்கும் சத்தத்தைக் கேட்டே, எண்ணெயிலா பிழை, தீப்பொறியிலா பிழை என்று அயலில் இருந்த மெக்கானிக் அண்ணை சொல்லிவிடுவார்.

அந்த அனுபவத்தை நம்பித்தான், மெல்பேர்ணில் எங்கள் வீட்டுக் கராஜில் நின்ற பழைய டட்சன் 280 இசட்-எக்ஸ் காரின் பொனற்றைத் திறந்தோம். மகனும் நாங்களும் சேர்ந்து திருத்தி ஓடுவதற்கென்று வாங்கிய கார் அது. ஆறு சிலிண்டர், 2.8 லீற்றர் எஞ்சின். காலைக் குளிரில் ஒழுங்காக இயங்கும். பத்து நிமிடம் ஓடியதும் நோய் தொடங்கும். சிக்னலில் நிற்கும்போது கார் முழுவதும் நடுங்கும், பின்னால் கறுப்புப் புகை வரும், உள்ளே பெற்றோல் மணக்கும்.

ஒரு திருத்தகத்தில் கொடுத்தோம். பிளக்குகளை மாற்றினார்கள். பிறகு பிளக் வயர்கள், டிஸ்ரிபியூட்டர் மூடி, கடைசியில் ஆறு இன்ஜெக்ரர்களும். இரண்டாயிரம் டொலருக்கு மேல் போனது, நடுக்கம் மட்டும் போகவில்லை. "இதை வித்துப்போட்டு வேற ஏதாவது வாங்குவம் அப்பா" என்று மகன் சொல்லிவிட்டான். அவனோடு சனிக்கிழமைகளில் சேர்ந்து செய்ய எங்களுக்கு இருந்த ஒரே வேலை அந்தக் கார்தான். அதனால் விற்க மனம் வரவில்லை. முதலிலிருந்து, ஒழுங்குமுறையாகப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். அதில் கற்றுக்கொண்டது, இப்படியான கார் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவலாம்.

முதலில் இந்த எஞ்சின் எப்படிச் சிந்திக்கிறது என்று பார்ப்போம். காபரேற்றரில் உள்ளே போகும் காற்றே பெற்றோலை இழுத்துக்கொள்ளும். இந்தக் காரில் இருப்பது ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் எழுபதுகளில் கொண்டுவந்த எல்-ஜெற்றொனிக் முறை. 'எல்' என்பது 'லுஃப்ற்', ஜேர்மன் மொழியில் காற்று. உள்ளே வரும் காற்று ஒரு சிறு கதவைத் தள்ளுகிறது. கதவு எவ்வளவு திறந்தது என்பதை வைத்து ஒரு கணினிப் பெட்டி காற்றின் அளவை அறிகிறது. எஞ்சினின் வேகத்தையும் சூட்டையும் சேர்த்துப் பார்த்து, இன்ஜெக்ரர்களை எத்தனை மில்லி செக்கன் திறப்பது என்று தீர்மானிக்கிறது. பெட்டிக்குக் கண் இல்லை. வயரில் வரும் செய்தியை அது அப்படியே நம்பும். செய்தி பிழையென்றால் தீர்ப்பும் பிழைதான்.

ஆகவே செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலாவது, காற்று. அந்தச் சிறு கதவைத் தாண்டிய பிறகு எங்காவது காற்று புகுந்தால், பெட்டிக்கு அது தெரியாது. காற்றுக் கதவுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள பெரிய றப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். எண்ணெய் ஊற்றும் மூடியும், எண்ணெய் அளக்கும் கோலும் இறுக்கமாக இருக்கின்றனவா? இந்த முறையில் அவை தளர்ந்தாலே எஞ்சின் தடுமாறும். இதையே சோதனையாகவும் பயன்படுத்தலாம். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்தால் அது தடுமாற வேண்டும். மாற்றமே தெரியாவிட்டால், ஏற்கெனவே வேறெங்கோ காற்று கசிகிறது என்று சந்தேகிக்கலாம்.

இரண்டாவது, நோய் ஒரு சிலிண்டருக்கா, எல்லாவற்றுக்குமா? எஞ்சின் மெதுவாக ஓடும்போது இன்ஜெக்ரர்களின் மின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் பூட்டுங்கள். நல்ல சிலிண்டர் என்றால் கழற்றியதும் வேகம் குறையும். எதைக் கழற்றியும் வேகம் குறையவில்லையோ, அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. அதன் பிளக், வயர், இன்ஜெக்ரர், அமுக்கம் ஆகியவற்றை மட்டும் பார்த்தால் போதும். எங்கள் காரில் ஆறும் ஒரேயளவு குறைந்தன. ஆறு பிளக்கோ ஆறு இன்ஜெக்ரரோ ஒரே நாளில் ஒரே மாதிரிப் பழுதாவது அரிது. ஆறுக்கும் பொதுவான ஏதோவொன்றுதான் பிழை. பணம் செலவழிக்கும் முன் இந்தக் கால்மணி நேரச் சோதனையை யாராவது செய்திருந்தால், இன்ஜெக்ரர்களை மாற்றியிருக்க மாட்டோம்.

மூன்றாவது, பெற்றோல் அமுக்கம். இந்த முறையில் அது சுமார் 2.5 பார். எஞ்சின் மெதுவாக ஓடும்போது சற்றுக் குறையும். அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் கருவியிலிருந்து வரும் மெல்லிய றப்பர் குழாயைக் கழற்றி மணந்து பாருங்கள். உள்ளே பெற்றோல் இருந்தால் கருவியின் சவ்வு கிழிந்துவிட்டது. கறுப்புப் புகைக்கு அதுவும் ஒரு காரணம். எங்களுடையது காய்ந்திருந்தது.

நான்காவது, சூட்டை அறியும் சென்சர். தேமோஸ்ரற் இருக்கும் இடத்துக்கு அருகில் இருக்கும். அது குளிரில் மின்னுக்கு அதிக தடை கொடுக்கும், சூட்டில் தடை குறையும். 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 பாகையில் ஏறத்தாழ 300 ஓம். மல்டிமீற்றர் ஒன்றிருந்தால் அளக்கலாம். சூடான எஞ்சினில் சென்சரின் முனையிலேயே அளந்தோம். 300 ஓம் அளவில் காட்டியது, சரிதான். பிறகு பற்றரியைக் கழற்றிவிட்டு, கணினிப் பெட்டிக்குப் போகும் பிளக்கில் அதே வயர்களை அளந்தோம். 2,000 ஓமுக்கு மேல்!

சென்சர் உண்மையைச் சொன்னது, வயர் அதை மாற்றிச் சொன்னது. இடையிலிருந்த இணைப்பைப் பிரித்தால், செப்பு முழுவதும் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. எஞ்சின் கொதிக்கும்போதும் பெட்டி அது குளிர்ந்திருப்பதாகவே நம்பி, குளிர்காலக் காலைக்குரிய பெற்றோலை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தது. குளிரில் அது சரியான அளவு என்பதால்தான் காலையில் நோய் தெரியவில்லை. புதிய இணைப்பு ஒன்றுக்குச் சில டொலர்தான். பூட்டியதும் பத்து நிமிடம் காத்திருந்தோம். அரை மணி நேரமாகியும் நடுக்கமில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். காபரேற்றர்க் காலப் பழக்கத்தில் பெற்றோல் குழாயைக் கழற்றிவிடாதீர்கள். இங்கு பெற்றோல் அமுக்கத்தோடு பீறிடும். இந்த எஞ்சினில் இன்ஜெக்ரர் குழாய்களுக்கு நேர் கீழேயே சூடான புகைபோக்கிக் குழாய் இருக்கிறது. முதலில் பெற்றோல் பம்பின் மின்னைத் துண்டித்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, ஆறியபின் கைவையுங்கள். தீயணைப்புக் கருவி பக்கத்தில் இருக்கட்டும். நாற்பது வருடப் பழைய றப்பர் குழாய்களை, பழுது தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.

மற்றது, மலிவென்று ஈ10 பெற்றோல் அடிக்காதீர்கள். சிட்னியில் பெரும்பாலான நிலையங்களில் அது முன்னால் நிற்கும். அதிலுள்ள எதனோல், 1986க்கு முந்திய பெரும்பாலான வாகனங்களுக்குப் பொருந்தாது. பழைய றப்பரையும் அது கெடுக்கும். மாதக்கணக்கில் நின்ற காரில் பழைய பெற்றோலே நோயாக இருப்பதும் உண்டு.

விக்ரோறியாவில் 25 வருடமும், நியூ சவுத் வேல்ஸில் 30 வருடமும் கடந்த வாகனங்களைக் கழகங்களூடாகக் குறைந்த கட்டணத்தில், குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் ஓடும் அனுமதியோடு வைத்திருக்கலாம். அந்தக் கழகங்களில் இந்த எஞ்சின்களை அறிந்த முதியவர்கள் இருக்கிறார்கள். எம்மவரிலும் இருக்கிறார்கள். மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் பலர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பிள்ளைகளிடம் மல்டிமீற்றரைக் கொடுத்து, அவர்களைப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்துங்கள்.

மகன் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறான். என்ன அளந்தோம், என்ன காட்டியது, எதை மாற்றினோம் என்று திகதியோடு எழுதுகிறான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்பது அதன் முதல் பக்கத்தில் அவன் எழுதியிருக்கும் விதி. காரை விற்கும் பேச்சை அவன் பிறகு எடுக்கவில்லை.