எரியாத எக்ஸ்ட்ரா லைட்டுக்கு அபராதம் உண்டா?

கேபினுக்கு மேலே நாலு ஃபோகஸ் லைட், பம்பரில் எல்.இ.டி. பார், பின்கதவில் நீலமும் பச்சையுமாக ஓடும் சீரியல் செட். இப்படி ஜோடித்த லாரிகளை நாமக்கல், சங்ககிரிப் பக்கம் நிறையவே பார்க்கலாம். அதில் ஒன்று எரியாமல் போனால் செக்கிங்கில் கேஸ் போடுவார்களா என்று டிரைவர்கள் கேட்பதுண்டு.

அமெரிக்காவில் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. அங்கே மத்திய அரசின் லாரிப் பாதுகாப்பு விதி 393.9, கட்டாய விளக்குகள் எந்நேரமும் எரியும் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. கூடுதல் விளக்குகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை என்றும் அதிலேயே சேர்த்து எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் அதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: அதை யாரைக் கேட்டு மாட்டினீர்கள்?

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111ஆவது விதி, பதிவு அதிகாரியின் முன்அனுமதி இல்லாமல் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்தக் கூடாது என்கிறது. பொருத்துவதற்கே தடை என்பதால், 'எரியவே இல்லை சார்' என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. 108ஆவது விதிப்படி முன்னால் சிவப்பு விளக்கு கூடாது; இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட் போன்ற விதிவிலக்குகள் போக, பின்னால் சிவப்பைத் தவிர வேறு நிறம் கூடாது. நீலமும் பச்சையும் அங்கேயே அடிபட்டுப் போகும். இதை அனுமதியில்லாத மாற்றம் என்று எடுத்துக்கொண்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு இருக்கிறது: மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கம்பெனியிலிருந்தே வந்த ஃபாக் லைட் கதை வேறு. அது இருப்பது குற்றமில்லை. ஆனால் எஃப்.சி. சோதனைப் பட்டியலில் அதன் பெயரும் இருப்பதால், எஃப்.சி.க்குப் போகுமுன் சரிசெய்துவிடுவது நல்லது.

எனக்கு அதிகம் கவலை தருவது இன்னொரு குழப்பம். கட்டாய விளக்குகள் சிலவற்றையே எக்ஸ்ட்ரா என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். டாப் லைட் அப்படித்தான். 2.1 மீட்டருக்கு மேல் அகலமுள்ள சரக்கு வண்டியின் நான்கு மேல் மூலைகளிலும், முன்னால் இரண்டு வெள்ளை, பின்னால் இரண்டு சிவப்பு என்று 107ஆவது விதி சொல்கிறது. இரவில் ரோட்டோரம் நிற்கும்போதும் அவை எரிய வேண்டும். டெயில் லைட் 155 மீட்டர் தூரத்துக்குத் தெரிய வேண்டும். பின் நம்பர் பிளேட் வெளிச்சத்தில் 15 மீட்டரிலிருந்து படிக்க முடிய வேண்டும். டிரெய்லர் வண்டியில் இவையெல்லாம் ஒற்றை பிளக்கை நம்பி இருக்கின்றன. அந்த பிளக்கில் சேறு ஏறி எர்த் விட்டால், பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரியும். கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாது. கிளீனர் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

தெரிந்தே ஆபத்தான பழுதோடு ஓட்டினால், அல்லது சாதாரண கவனத்தில் தெரிந்திருக்கக்கூடிய பழுதோடு ஓட்டினால், 190(1) பிரிவில் 1,500 ரூபாய் அபராதம். அந்தப் பழுதால் விபத்தாகி யாருக்காவது காயமோ பொருள்சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் வரும். இருட்டில் விளக்கில்லாமல் நின்ற லாரியில் பைக் மோதி உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவும் பாயலாம். அதில் தண்டனை ஐந்து வருடம் வரை. நஷ்டஈட்டு வழக்கு தனியாக நடக்கும்; அங்கே முதலில் எழும் கேள்வியே பின்விளக்கு எரிந்ததா என்பதுதான்.

சலான் வந்தால் தொகையைப் பார்க்குமுன் எந்தப் பிரிவு என்று பாருங்கள். ஒரு பல்பு போனதற்கு 182ஏ(4) போட்டிருந்தால் கேள்வி கேட்கலாம். பழுது வேறு, மாற்றம் வேறு. வழியில் பல்பு போனதாக இருந்தால் 190ஆவது பிரிவில் உள்ள 'சாதாரண கவனம்' என்ற நிபந்தனைதான் உங்கள் பிடி. கிளம்புமுன் பார்த்துக் குறித்த டிரிப் ஷீட், நடப்பில் உள்ள எஃப்.சி., தேதி போட்ட எலக்ட்ரீஷியன் பில், அந்த இடத்திலேயே எடுத்த போட்டோ எல்லாம் கைவசம் இருக்கட்டும். தவறான சலான் என்று தோன்றினால் பணம் கட்டிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். இணக்கத் தொகையைக் கட்டினால் பொதுவாக வழக்கு அதோடு முடிந்துவிடும். கட்டாமல் நீதிமன்றத்தில் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

இன்னொன்று, டிரைவர்களுக்கு. 182ஏ(4) பிரிவு வாகன உரிமையாளரைத்தான் குறிக்கிறது. முதலாளி ஆசைப்பட்டு மாட்டிய எல்.இ.டி. பாருக்கு வந்த அபராதத்தை உங்கள் பேட்டாவில் பிடித்தால், சலானில் உள்ள பிரிவைக் காட்டிக் கேளுங்கள்.