பிள்ளைகளோடு ஒரு நாள் கடைமடைக்கு!

‘லீவு விட்டால் பிள்ளைகள் செல்போனை விட்டு எழுந்திருப்பதில்லை. அதிகம் செலவில்லாமல் எங்கேயாவது கூட்டிப் போகலாம் என்றால், எங்கே போவது சார்?’ என்று மன்னார்குடிப் பக்கத்து வாசகி ஒருவர் கேட்டிருந்தார். குலைநோய்க்கு மருந்து சொல்வதுபோல கேள்வி-பதில் பகுதியில் நான்கு வரியில் முடிக்கிற விஷயமில்லை இது. பொங்கல் லீவில் நானே என் பேத்தியையும் பேரனையும் கூட்டிக்கொண்டு போய்வந்த கதையைச் சொல்கிறேன். அதுதான் பதில்.

பேத்திக்கு எட்டு வயது, பேரனுக்கு ஐந்து. இருவரும் சென்னையில் வளர்கிறவர்கள். நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் வெண்ணாறு. மாட்டுப்பொங்கல் அன்று கரையில் நின்றுகொண்டிருந்தபோது பேரன் கேட்டான், “தாத்தா, இந்தத் தண்ணி எங்க போய் முடியும்?” கடலுக்குப் போகும் என்றேன். “அப்ப வேஸ்ட்டா?” என்றான்.

சுருக்கென்றது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ‘காவிரித் தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று டி.வி.யில் வருகிறது, டீக்கடையில் நாமும் அதைத்தான் சொல்கிறோம். வாயால் விளக்குவதைவிட நேரில் காட்டிவிடலாம் என்று தோன்றியது. காணும் பொங்கல் அன்று கடற்கரைகளில் கூட்டம் நெரியும் என்பதால் அதற்கு மறுநாள் கிளம்பினோம். நான், மனைவி, மகள், இரண்டு வாண்டுகள். புளிச்சோறு, நம் வீட்டுக் கோழி முட்டை ஆறு அவித்தது, இரண்டு குடம் பிடிக்கிற கேனில் தண்ணீர், ஒரு குடை.

முதல் நிறுத்தம் மூணாறு தலைப்பு. வெண்ணாறு அங்கேதான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. நாம் தினம் அந்த வழியாகப் போகிறோம், நின்று பார்ப்பதில்லை. பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். ஷட்டரை ஏற்றினால் ஒரு ஊருக்குத் தண்ணீர், இறக்கினால் இன்னொரு ஊருக்கு என்றதும் பேத்தி, “யாருக்கு எவ்வளவுன்னு யார் சொல்லுவாங்க?” என்றாள். முப்பது வருடச் சர்வீஸில் இந்தக் கேள்வியை எத்தனையோ விவசாயிகள் என்னிடம் கோபமாகக் கேட்டிருக்கிறார்கள். கடைமடைக்காரர்கள்தான் அதிகம்.

அங்கிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி அறுபது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸிலேயே போகலாம். திருவாரூர் தாண்டியதும் பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். மேடு குறைந்துகொண்டே வரும். வயலும் வாய்க்காலும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். எங்கள் பக்கம் மழைத்தண்ணீர் இரண்டு நாளில் வடிந்துவிடும். இங்கே கடல் ஏற்றமாக இருந்தால் அது வடியவே இடமில்லை. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் தண்ணீர் கடைசியாக வந்து சேர்வதும் இங்கேதான்; அடைமழையில் எல்லோருடைய வடிகாலும் வந்து நிற்பதும் இங்கேதான்.

மாதா கோயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லா மதத்துக்காரர்களும் போகிற இடம். நாங்களும் போய்விட்டுத்தான் கடற்கரைக்கு நடந்தோம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. அப்போது சின்னப் பிள்ளைகளோடு ‘சுற்றிப் பார்க்க’ என்று போகாதீர்கள். மற்ற நாளிலும் பிள்ளையின் உள்ளங்கையில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். பிள்ளை காணாமல் போனால் 1098.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆற்றில் நீந்தத் தெரியும் என்ற தைரியத்தில் யாரும் அந்தக் கடலில் இறங்காதீர்கள். ஆறு ஒரு பக்கமாகத்தான் இழுக்கும். கடல் காலடி மணலையும் சேர்த்து உள்ளே இழுக்கும். பிள்ளைகள் கணுக்கால் வரை, அதுவும் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு.

கூட்டத்தை விட்டுத் தெற்கே செருதூர்ப் பக்கம் வந்தால்தான் எங்கள் பயணத்தின் காரியம் ஆரம்பம். வெண்ணாற்றிலிருந்து பிரிகிற வெள்ளையாறு அங்கேதான் கடலில் சேர்கிறது. படகுகள் உள்ளே வந்து நிற்கும். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரிடம் பேரன் அதே கேள்வியைக் கேட்டான். அவர் சிரித்தார். “வேஸ்ட்டா? ஆத்துத்தண்ணி வரலேன்னா எங்களுக்கு மடவை ஏது, எறால் ஏது தம்பி?” அவர் சொன்னது அப்படியே அறிவியல். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் நல்ல தண்ணீரும் உப்புத்தண்ணீரும் கலந்த முகத்துவாரத்துக்கு வந்து வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும்.

நம் பங்குக்கு நான் சொன்னது வேறு. ஆறு வெளியே தள்ளாவிட்டால் கடல் உள்ளே வரும். அதனால்தான் கடைமடை ஆறுகளில் முகத்துவாரத்துக்கு முன்னால் ரெகுலேட்டர் கட்டி, ஏற்றத்தின்போது ஷட்டரை இறக்குகிறார்கள். மண்ணுக்குள்ளும் இதே கதைதான். மழைத்தண்ணீர் எடை குறைவு. மணலில் இறங்கி உப்புத்தண்ணீர் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. போர் போட்டு மோட்டாரை ஓயாமல் ஓடவிட்டு அந்த ஒரு அடியை உறிஞ்சிவிட்டால், அடியில் இருந்து உப்பு ஏறிவிடும். கடலோரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள்.

ஐந்து வயதுக்கு இதெல்லாம் ஏறுமா? ஏறாது. அவனுக்கு முட்டைதான் பிடித்தது.

விதைநெல் தேர்வுக்கு முட்டை மிதக்கும்வரை உப்பைக் கரைப்போமே, அதை வீட்டில் பார்த்திருக்கிறான். கடல்தண்ணீர் உப்புதானே, முட்டை மிதக்கும் என்று அடித்துச் சொன்னான். வாளியில் கடல்தண்ணீர் மொண்டு ஒரு முட்டையைப் போட்டோம். நேராக அடியில் போய் உட்கார்ந்தது! என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு முட்டையைத் தூக்கப் போதாது. விதை நேர்த்திக்கு நாம் 10 லிட்டருக்கு ஒன்றரை கிலோ போடுகிறோம். கடையில் உப்புப் பாக்கெட் வாங்கி வந்து கொட்டிக் கரைத்ததும் முட்டை எழும்பியது. அதற்கு மேல் அன்று அவனை அசைக்க முடியவில்லை. மிச்ச முட்டைகளும் மிதந்த பிறகுதான் சாப்பாடு.

பேத்திக்குச் செடிகள். மணலைப் பிடித்து வைத்திருக்கும் அடப்பங்கொடி. முள் உருண்டையாகக் காற்றில் உருண்டு ஓடும் இராவணன் மீசை. உப்பங்கரையில் குண்டு குண்டு இலையோடு உமிரி. “இது இருக்கிற இடத்தில் நெல் வராது” என்று காட்டினேன். சோதனைக்கூடத்துக்கு மண் போகும் முன்பே உமிரி பதில் சொல்லிவிடும்.

நெல் வராது என்றேனே, அதை நான் கண்ணால் பார்த்தவன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அப்போது எனக்கு இந்த மாவட்டத்தில்தான் வேலை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அதைப் பிள்ளைகளிடம் முழுதாகச் சொல்லவில்லை. ஒருநாள் கடல் ஊருக்குள் வந்துவிட்டது, நிறையப் பேர் இறந்துபோனார்கள் என்று மட்டும் சொன்னேன். பேத்தி என் கையை விடவில்லை. பிறகு வயல்களுக்குப் போனபோது வரப்பெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ஒரு ஏக்கரில் ஒரு அங்குல உயரத்துக்குக் கடல்தண்ணீர் நின்று காய்ந்தால் மூன்றரை டன் உப்பு. வரப்பை உயர்த்தி மழைத்தண்ணீரைத் தேக்கி வடியுங்கள், தேவைப்பட்ட இடத்தில் ஜிப்சம், பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள் என்றோம். ‘எழவு வீட்டில் வந்து எரு போடச் சொல்றீங்களே’ என்றார் ஒருவர். நான் பேசாமல் வந்துவிட்டேன். அடுத்த வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தது. கழுவிக்கொண்டு போனது பெரும்பாலும் அந்த மழைதான். நாங்கள் சொன்னது கொஞ்சம். அந்த நிலங்களில் இன்று சம்பா நிற்கிறது. பஸ் ஜன்னலில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு வந்த பயிர் அதுதான்.

நேரம் இருப்பவர்கள் இன்னும் தெற்கே வேதாரண்யம் உப்பளம், 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு எடுத்த இடம், கோடியக்கரைச் சரணாலயம் என்று போகலாம். குளிர்காலத்தில் பூநாரை வரும், வெளிமான் பார்க்கலாம். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையோடு ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். மூன்று மணிக்கே எங்கள் வாண்டு தோளில் தூங்கிவிட்டான்.

திரும்பும்போது ஒரு லிட்டர் பாட்டிலில் கடல்தண்ணீர் கொண்டுவந்தோம். மாடியில் அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் ஊற்றி வைத்தோம். நான்காம் நாள் அடியில் வெள்ளையாக உப்பு. இரண்டு மேஜைக்கரண்டி தேறும். ரசத்தில் போடச் சொல்லி இருவரும் பாட்டியை நச்சரித்தார்கள். அவள் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “கசக்குது” என்று, கொல்லையில் புதிதாகத் தோண்டியிருந்த தென்னம்பிள்ளைக் குழியில் கொட்டிவிட்டாள்.