இணைய ஏலத்தில் பழைய டிராக்டர்: மலிவாக வாங்குவது எப்படி?

ஏரி மீன், புளிய மரம், கோயில் நிலக் குத்தகை என்று ஏலம் கேட்பது நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. "ஒரு தரம், இரண்டு தரம்" என்று கூவும்போது எதிரில் கேட்பவர் யார், அவர் கையில் எவ்வளவு இருக்கும் என்பது ஊராருக்குத் தெரியும். இப்போது ஏலம் செல்போனுக்கு வந்துவிட்டது. தவணை தவறியவர்களிடமிருந்து வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கைப்பற்றிய டிராக்டர்கள் இணையத்தில் ஏலம் விடப்படுகின்றன. அரசு வங்கிகளின் ஏலங்களுக்காக மத்திய நிதி அமைச்சகம் 2025 ஜனவரியில் 'பேங்க்நெட்' என்ற தளத்தைத் தொடங்கியது. அரசுத் துறைகள் கழித்துவிடும் வாகனங்கள் பல, மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. மூலம் ஏலத்திற்கு வருகின்றன.

பல்லவர் காலச் செப்பேட்டிலேயே ஏரி பேசப்படும் ஊர், காஞ்சிபுரத்தை அடுத்த கூரம். இது போன்ற ஊர்களில் இரண்டு மூன்று ஏக்கர் நெல் பயிரிடும் விவசாயிக்குப் புது டிராக்டர் எட்டாத விலை. ஏலத்தில் மலிவாகக் கிடைத்தால் லாபமே. ஆனால் சரியாகக் கேட்கத் தெரியாவிட்டால், மலிவு என்று வாங்கியது சந்தை விலையைத் தாண்டிவிடும்.

விலையை முன்னதாகவே முடிவு செய்க

ஏலத்தில் லாபமும் நஷ்டமும் ஏலம் தொடங்கும் முன்பே தீர்மானமாகின்றன. அதே கம்பெனி, அதே குதிரைத்திறன், அதே வருடத்து வண்டி வெளியில் என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு மூன்று இடங்களில் விசாரிக்க வேண்டும். அதிலிருந்து எல்லாச் செலவுகளையும் கழிக்க வேண்டும்.

உதாரணமாக, வெளிச்சந்தை விலை ரூ.3,00,000 என்று கொள்வோம். மராமத்துக்கும் பின் டயர்களுக்கும் ரூ.60,000, ஆர்.சி. மாற்றம், இன்சூரன்சுக்கு ரூ.12,000, வண்டியை ஏற்றி வரும் லாரி வாடகை ரூ.8,000, எதிர்பாராத செலவுக்கு ரூ.20,000 என்றால் மொத்தம் ரூ.1,00,000. மீதி ரூ.2,00,000. இந்த விலைக்கு எடுத்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஏலத்தில் எடுக்கும் வண்டிக்கு உத்தரவாதம் கிடையாது என்பதால், இன்னும் ரூ.20,000 குறைத்து ரூ.1,80,000-ஐ உச்சவரம்பாக வைத்துக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி. தனி என்று நிபந்தனையில் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். இந்தத் தொகையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, என்ன ஆனாலும் அதைத் தாண்டக் கூடாது.

உச்சவரம்பு எதற்கு? ஒரே பொருளைப் பத்துப் பேர் மதிப்பிட்டால் ஒருவர் குறைவாகவும் ஒருவர் மிக அதிகமாகவும் மதிப்பிடுவர். ஏலம் கிடைப்பது மிக அதிகமாக மதிப்பிட்டவருக்கே. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் குத்தகை எடுத்த கம்பெனிகள் இப்படித்தான் எதிர்பார்த்த லாபம் காணாமல் போயின என்று 1971-ல் அமெரிக்கப் பொறியாளர்கள் மூவர் எழுதினர். போட்டியாளர்கள் கூடக் கூட இந்த ஆபத்தும் கூடும். பலர் மோதும் வண்டியை விட்டு, ஒருவரிருவர் மட்டுமே கேட்கும் வண்டியைத் தேடுவதே மேல். பட்டம் தொடங்கும் நேரத்தில் தேவைக்காரர்கள் அதிகம். உழவு முடிந்த பிறகு வரும் ஏலங்களில் போட்டி குறைய வாய்ப்புண்டு.

நேரில் பார்க்காமல் கேட்காதீர்

ஏல அறிவிப்பில் வண்டியைப் பார்வையிடும் நாளும் இடமும் இருக்கும். தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் செல்வது அவசியம். எஞ்சின் எண்ணெய் பால் கலந்த தேநீர் போல இருந்தால் தண்ணீர் கலந்துள்ளது என்று பொருள். எஞ்சினை ஓட விட்டு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கிளட்ச், கியர், ஹைட்ராலிக் லிப்ட், பி.டி.ஓ. ஆகியவற்றை இயக்கிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்க்க அனுமதி இல்லை என்றால், எஞ்சின் மராமத்துச் செலவு முழுவதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு கேட்பதே பாதுகாப்பு. எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் ஆவணத்தோடு ஒத்திருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

கடிகாரத்தைக் கவனியுங்கள்

இணைய ஏலம் முடியும் விதம் இரண்டு. ஒன்று, குறித்த நேரத்தில் முடிவது. இதில் தொடக்கத்திலேயே ஏற்றிக் கேட்டால் விலைதான் ஏறும். கடைசி நிமிடங்கள் வரை பொறுத்திருந்து கேட்பது பலன் தரும். ஆனால் இணைப்பு துண்டித்தால் வாய்ப்பு போய்விடும்.

மற்றொன்று, கடைசி சில நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் தானே நீளும் முறை. வங்கி ஏலங்களிலும் அரசு ஏலங்களிலும் இதுவே அதிகம். இதில் கடைசி நேரம் வரை காத்திருப்பதால் பயனில்லை. அமெரிக்காவில் குறித்த நேரத்தில் முடிந்த ஈபே ஏலங்களையும், நேரம் நீண்ட அமேசான் ஏலங்களையும் ஒப்பிட்ட பொருளாதார அறிஞர்கள் ராத், ஆக்கன்ஃபெல்ஸ் இருவரும், கடைசி நேரக் கேட்பு ஈபேயில்தான் மிக அதிகம் என்று 2002-ல் வெளியிட்டனர். நேரம் நீளும் ஏலத்தில் கைகொடுப்பது உச்சவரம்பும் பொறுமையுமே.

சில தளங்களில் உச்சத் தொகையை முன்பே பதிந்துவிட்டால், எதிரி ஏற்றும்போது மட்டும் கணினியே படிப்படியாக ஏற்றிக் கேட்கும். வேகத்தில் கை தவறாமல் இருக்க இது உதவும். முதலில் இரண்டு மூன்று ஏலங்களைக் கேட்காமல் கவனித்து, எந்த வண்டி என்ன விலைக்கு முடிந்தது என்று குறித்துக்கொள்வதும் நல்ல பயிற்சி.

நிபந்தனையில் கவனம்

ஏலத்தில் சேர முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். ஏலம் எடுத்தவர் மீதிப் பணத்தைக் குறித்த நாளுக்குள் கட்டத் தவறினால் முன்வைப்புத் தொகை பறிபோகும். எனவே பணத்துக்கு ஏற்பாடு செய்யாமல் கேட்கக் கூடாது. "ஒப்புதலுக்கு உட்பட்டது" என்றிருந்தால், அதிகத் தொகை கேட்டவருக்கும் விற்பவர் சம்மதித்த பிறகே வண்டி சொந்தமாகும்.

ஆர்.சி. மாற்றம்தான் பலர் இடறும் இடம். பழைய சொந்தக்காரர் கையெழுத்துக்கு வரமாட்டார். ஆகவே நிதி நிறுவனம் படிவம் 36 மூலம் தன் பெயருக்குப் பதிவு மாற்றியுள்ளதா, படிவம் 29, 30, 35 ஆகியவற்றைத் தருமா என்று ஏலத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். அரசு நடத்தும் பொது ஏலத்தில் எடுத்த வண்டிக்குப் படிவம் 32. வரி பாக்கி, அபராதம், வழக்கு உண்டா என்பதையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

போலி ஏலத் தளங்களும் உண்டு. தனி நபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி. ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

வாங்கத்தான் வேண்டுமா?

ஏலத்துக்கு வரும் டிராக்டர்களில் பலவும், தவணை கட்ட முடியாமல் போன விவசாயிகளுடையவை. வட்டிக்கு வாங்கி ஏலம் எடுத்தால், அதே வண்டி மறுபடி ஏலத்துக்குப் போகக்கூடும். தன் நிலத்துக்கு வருடத்தில் எத்தனை மணி நேர உழவு தேவை, அதற்கு வாடகை எவ்வளவு என்று முதலில் கணக்குப் போட வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரை உழவன் செயலி மூலம் வாடகைக்குப் பதிவு செய்யலாம். வாடகைக் கணக்கு குறைவாக வந்தால் ஏலத்தை விட்டுவிடுவதே லாபம். அக்கம்பக்கத்தார் நான்கு பேர் சேர்ந்து வாங்குவதானால், ஒருவர் பெயரில் மட்டும் கேட்டு, செலவுப் பங்கையும் உழவு முறையையும் முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்வது நலம்.